பதினோரு எழுத்துருக்கள்

நீளமான பட்டியல் எதுவும் எனக்கு ஆகாது, ஐயா. என் சாவிக்கொத்தில்கூட மூன்று சாவிக்கு மேல் இருக்காது.

எங்கள் அச்சகத்துக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம் போட்டது நான்தான். போடும்போதே நானூற்றுச் சொச்சம் எழுத்துருக்கள் கூடவே வந்து இறங்கிவிடும். ஒன்றைத் தேடப் பட்டியலை உருட்டியே அரை நாள் போகும். ஆகவே வாரம் ஒரு முறை வேண்டாததை நீக்குவேன். அதற்கான கடவுச்சொல் என்னிடம் மட்டுமே.

குருவி என்று நாங்கள் கூப்பிடும் பெண்தான் லேபிள் வடிவமைப்பவள். வாய் ஓயாது, வேலையில் குறை சொல்ல முடியாது. இருமல் மருந்து லேபிளில் சின்னக் கட்டத்துக்குள் எட்டு வரி அடங்க வேண்டும். அதற்கு ஒல்லியான ஓர் எழுத்துருவைப் பிடித்துவைத்திருந்தாள். அதை நீக்கப்போகிறேன் என்றதும் முதலாளி முன்னால் சிரித்தாள்.

"அண்ணன் கையில விட்டா கம்ப்யூட்டருக்கே பத்தியம் போட்டுருவாரு சார். பாவம், எலும்பும் தோலுமா நிக்குது."

"அது இருந்துட்டுப் போகட்டும்ப்பா," என்று முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை, தங்கைக்குப் பிரசவம் என்று அவள் விடுப்பில் போனாள். அன்று காலையே அந்த ஒல்லி எழுத்துருவை நீக்கினேன். மதியம் மருந்துக் கம்பெனி, முகவரியில் கதவு எண்ணை மட்டும் மாற்றச் சொன்னது. கோப்பை நானே திறந்தேன். அந்த எழுத்துரு இல்லை, வேறொன்றைப் போடட்டுமா என்று திரை கேட்டது. சரி என்றேன். வந்தது அகலமான எழுத்து. வரிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எட்டாவது வரி கட்டத்துக்கு வெளியே போய் மறைந்தது. மூலையில் சிவப்பாக ஒரு சின்னக் குறி வந்தது. உள்ளே அடங்காத எழுத்து இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. அதுதான் எட்டாவது வரி.

கட்டத்தை நகக்கண் அளவு இழுத்திருந்தால் போதும். இழுக்கவில்லை. கம்பெனி கவனித்துத் திருப்பி அனுப்பும், ஒல்லி எழுத்தை நம்பினால் இப்படித்தான் என்று அவளுக்கும் புத்தி வரும் என்று நினைத்தேன். கம்பெனியோ கதவு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தது. லேபிள் சுருள்கள் வண்டியில் ஏறியபோது வாசலில் நின்று பார்த்தேன். ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால், ஏன் நீக்கினாய் என்று முதலாளி கேட்பார்.

அந்த மருந்தைக் குடித்து முதல் குழந்தை இறந்த செய்தி ஒன்பதாம் நாள் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிறகு இன்னும் இரண்டு குழந்தைகள்.

நீங்கள் விசாரணைக்கு அழைத்துப்போன அன்று, போலீஸ் வண்டியில் ஏறும் முன் குருவி என்னைப் பார்த்து, "அண்ணே, நான் எட்டு வரியும் வச்சேனே, நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள்.

"ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

உங்கள் அறிக்கையில் 'வடிவமைப்பாளர் தவறான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தார்' என்று இருக்கிறது. அது பிழை, அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அவள் தேர்ந்தெடுத்தது சரியான எழுத்துரு. குறியைப் பார்த்ததும், மறைந்த வரி எது என்று தெரிந்தே அனுப்பியதும் நான்.

அவளை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும்: அவள் திரும்பி வந்தால் அந்த எழுத்துருவை மறுபடி போட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவையுங்கள். பட்டியல் இப்போது பதினொன்றில் நிற்கிறது. ஒரே திரையில் அடங்குகிறது. ஒரு வரிகூட வெளியே போவதில்லை.