சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி

...வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லவும் முடியல பாரு, அதான் பெரிய கொடுமை. இல்லம்மா, நீ இடிக்கல. நீ பாட்டுக்கு உக்காரு. இந்தக் கை போன வியாழக்கிழமையிலேருந்தே இப்படித்தான், கோட்டுக் கை உரசினாலே சுள்ளுங்குது. இங்க பாரு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. அடுப்புல சுட்டுக்கிட்டதா? நீ வேற! முப்பது வருஷமா சமைக்கிறேன், அடுப்பு என்னை ஒண்ணும் பண்ணதில்ல. இது துப்பாக்கி. அதோ அந்தக் கண்ணாடிப் பெட்டியில முதல் வரிசையில, ரிப்பன் கட்டி பொம்மை மாதிரி உக்காந்திருக்கே, அதோட அக்கா தங்கச்சி.

பாக்க என்ன அழகு, இல்ல? கைக்குட்டை மாதிரி பைக்குள்ள போயிடும். சுட்டுப் பாரு, கழுதை உதைச்ச மாதிரி இருக்கும். கழுதையாவது உதைக்கிறதுக்கு முன்னாடி காதைப் பின்னால சாய்க்கும், நாம தள்ளி நிக்கலாம். இது ஒண்ணும் சொல்லாது. டப்புன்னு ஒண்ணு. கை எங்கயோ போகும், கண்ணு எங்கயோ போகும், குண்டு பக்கத்து ஊருக்குப் போயிருக்கும்.

நான் சிஸ்டர்கள் நடத்துற பள்ளிக்கூடத்துல படிச்சவ. சிஸ்டர் கோர்டுலான்னு ஒருத்தங்க, கையில எப்பவும் மர ஸ்கேல். எழுத்து கோணினா விரல் முட்டியில ஒரே போடு. அவங்ககூட "லொரெட்டா, கையை நீட்டு"ன்னு சொல்லிட்டுத்தான் அடிப்பாங்க. அந்த நாகரிகம்கூட இதுக்குக் கிடையாது.

லொரெட்டா, என் பேருதான். நீ? ...நல்ல பேரு. அங்க கவுண்டர்ல கடைக்காரன் கர்ட்டோட பேசிக்கிட்டிருக்கானே, சிவப்புத் தொப்பி, உன் வீட்டுக்காரனா? புதுசா கட்டிக்கிட்டீங்களா? அதான் பாத்தேன், இன்னும் உன்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கறான். கவலைப்படாத, சரியாயிடும்.

உனக்குத்தான் வாங்கறானா? ...சின்னதா, கனமே இல்லாம... ம்ம். "பொண்ணு கை சின்னது, அதனால சின்னத் துப்பாக்கி." சொன்னானா இல்லயா? சொல்லியிருப்பான். இந்த மிசௌரி மாநிலம் முழுக்க ஆம்பளைங்க எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சிருக்காங்க. தனக்கு வாங்கும்போது பீரங்கி மாதிரி வாங்குவாங்க. நமக்குன்னா உடனே சின்னது, லேசானது, ஊதாக் கலர்ல ஒரு பிடி. பாசம்தான், இல்லைங்கல. பாசத்துல மூளை போயிடுது.

நீ சமைப்பியா? நல்லது, அப்ப சொன்னா புரியும். கனமான இரும்பு வாணலி இருக்கில்ல, அதைக் கரண்டியால ஓங்கித் தட்டு. நகருமா? இருந்த இடத்துலயே இருக்கும், ஞொய்ங்னு ஒரு சத்தம் மட்டும் வரும். அதே அடியை அலுமினியத் தட்டு மேல போடு. பறந்து வந்து உன் மூக்குல நிக்கும். அவ்வளவுதான் விஷயம். கனமான துப்பாக்கி உதையைத் தானே வாங்கிக்கும். லேசானது மொத்தத்தையும் உன் கைக்குக் கொடுத்துட்டு, எனக்கென்னன்னு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிக்கணுமா? வாணலி கழுவினாப் போதும். ஆனா யாரு கழுவறா!

இந்தக் காப்பியைக் குடிக்காத. கர்ட் காலையில போட்டது. இந்த மெஷினைத் துடைச்சு எத்தனை வருஷமாச்சோ. மேல மாட்டியிருக்கிற மான் தலையில இருக்கிற தூசி பாதி இதுக்குள்ளதான் விழுது.

எங்க விட்டேன்? ஆங். கொஞ்சம் சாஞ்சு அந்த ஜன்னல் வழியா பாரு. பச்சை வண்டிக்குப் பக்கத்துல, ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கிட்டு ஒருத்தர் தலையாட்டிக்கிட்டு நிக்கறாரா? அவர்தான் எங்க வீட்டு மனுஷன். வெண்டல். எவனோ மான் சுட்ட கதை சொல்றான் போலிருக்கு. நல்லவேளை. அந்தக் கதை எவ்வளவு நீளமோ, எனக்கு அவ்வளவு நேரம் இருக்கு. ஏன்னா அவர் உள்ள வந்ததும், நான் அவர் வாங்கிக் குடுத்த புதுத் துப்பாக்கியை எடுத்து, பின்னால இருக்கிற குறி சுடற கூடத்துல அவர் கண்ணெதிர சுடணும். சிரிச்ச முகமா. முப்பதாவது கல்யாண நாளுக்குக் கொடுத்தது. "நீ சுடறதைப் பாக்கணும் லொரெட்டா, ஒருநாளும் பாத்ததேயில்ல"ன்னு ஒரு வாரமா பின்னாலயே திரியறாரு.

ஆமாம், இது ரெண்டாவது. முதல் ஒண்ணு வீட்டுல இருக்கு, ஐஞ்சு வருஷமா. இது அதைவிட லேசு! எதுல செஞ்சானோ, காகிதத்துல மடிச்சு செஞ்ச மாதிரி. போன வியாழக்கிழமை யாருக்கும் தெரியாம இங்க வந்து ஒத்திகை பாத்தேன். ஒரே ஒரு தடவை சுட்டேன். அதோட கீழ வெச்சவதான். வீட்டுக்குப் போய் உறைஞ்ச பட்டாணிப் பையைக் கையில வெச்சுக்கிட்டு, ஜெபமாலை சொல்றவ மாதிரி கண்ணை மூடி உக்காந்திருந்தேன். அவரும் பக்தின்னு நெனச்சு டிவி சத்தத்தைக் குறைச்சாரு. என்ன மரியாதை!

என்ன கேட்ட? முதல் துப்பாக்கியே பிடிக்கலைன்னா ஏன் ரெண்டாவது வாங்கினாருன்னா? ...அது... இந்த பெஞ்சு ரொம்ப ஆடுதுல்ல? கர்ட்கிட்ட சொல்லணும்.

சரி, சொல்றேன். ஏன் அப்படிப் பாக்கற.

எங்க ஆளுக்குப் பரிசு வாங்கத் தெரியாது. முதல் வருஷம் வாக்குவம் கிளீனர். அப்புறம் ஒரு வருஷம் பனி தள்ற மண்வெட்டி, பெண்களுக்கேத்த நீளத்துலன்னு பெருமையா வேற சொன்னாரு. நானும் என் வாயை அடக்கினவ இல்ல. "அடுத்த வருஷம் சாக்கடை குத்தற கம்பி வாங்கிக் குடுங்க, செட்டு முழுசாகும்"னு சொல்லிட்டேன். மனுஷன் முகம் சுருங்கிப் போச்சு. அதுக்கப்புறம்தான் இருபத்தஞ்சாவது வருஷம் அந்தத் துப்பாக்கி. பிடியில என் பேரோட முதல் எழுத்தைத் தன் கையாலயே செதுக்கியிருந்தாரு. மூணு நாள் கொட்டகையில ஒளிஞ்சு உக்காந்து செதுக்கினது. எழுத்து கொஞ்சம் கோணல். சிஸ்டர் கோர்டுலா பாத்திருந்தா முட்டி போயிருக்கும்.

அன்னிக்கு எங்க மகன் வீட்டு வயல்ல தகர டப்பாவை வெச்சுட்டு நான் தனியாத்தான் போய் சுட்டேன். திரும்பி வந்தப்ப வாசல்ல நின்னுக்கிட்டு, "எப்படி இருந்தது?"ன்னு கேட்டாரு. அந்த முகத்தை நீ பாக்கலம்மா. பேப்பரை எடுத்துட்டு வந்து காலடியில போட்டுட்டு வாலாட்டிக்கிட்டு நிக்குமே நாய், அந்த முகம். என் கையெல்லாம் விண்ணு விண்ணுங்குது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சுகமா இருக்கு"ன்னு சொன்னேன்.

சிரி, சிரி. நல்லாச் சிரி. ஒரே வார்த்தை. அந்த மனுஷன் அதைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினாரு. கோயில்ல பாதர்கிட்டகூட சொல்லியிருக்காரு. அதோட விட்டாரா? "லொரெட்டாவுக்கே இவ்வளவு பிடிச்சிருக்கு"ன்னு ரெண்டு மருமகளுக்கும் அதே துப்பாக்கி வாங்கிக் குடுத்துட்டாரு! தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னிக்கு எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். பெரியவ உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நீட்டறா, கட்டைவிரல் பக்கத்துல ஒரு பிளாஸ்திரி. சின்னவ குழம்பை வாங்கறா, அதே இடத்துல பிளாஸ்திரி. நான் வான்கோழியை வெட்டறேன், எனக்கும் அங்கேயே! மூணு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பாத்தோம். வெண்டல் கேக்கறாரு, "எப்படிம்மா இருக்கு, மாமா வாங்கிக் குடுத்தது?" ரெண்டும் ஒரே குரல்ல, "சுகமா இருக்கு மாமா." என்கிட்டதான் கத்துக்கிட்டாளுங்க, வேற யாருகிட்ட.

சொல்லியிருக்கலாம்தான். முதல் நாளே சொல்லியிருக்கலாம். அப்ப விட்டாச்சு, இனிமே எப்படிச் சொல்றது? ஐஞ்சு வருஷமா பொய் சொன்னியான்னு கேக்க மாட்டாரு. அப்படிக் கேட்டாக்கூட நான் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி சமாளிச்சுடுவேன். "ஓ"ன்னு சொல்லிட்டு அந்தக் கோணல் எழுத்தைத் தடவிப் பாப்பாரு பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியாது. அவர் வாங்கினதுல எனக்குப் பிடிச்சதுன்னு அவர் நெனச்சுக்கிட்டிருக்கிறது இது ஒண்ணுதான்.

அப்ப நான் சுடறதே இல்லயான்னா? வாரா வாரம் இங்க வரேனே. மெதுவாப் பேசு. கர்ட்கிட்ட வாடகைக்கு ஒரு பழைய ரிவால்வர் இருக்கு. முழு இரும்பு. தூக்கினா கை கீழ போகும், ஆனா சுட்டா வெண்ணெய். அதைத்தான் சுடறேன். குறித் தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கும். வெண்டல் அதைக் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுக்கிட்டு, "பாத்தியா, கைக்கேத்த துப்பாக்கி"ங்கறாரு. கர்ட் நல்லவன். வாயைத் திறக்க மாட்டான். நான் செய்யற ஆப்பிள் பை பலகாரம் வாராவாரம் அவனுக்குப் போயிடுதில்ல.

ஐயோ, வராரு. கதை முடிஞ்சுடுச்சு போலிருக்கு. சின்ன மான்போல.

வாங்க வெண்டல். இந்தப் பொண்ணோட சும்மா பேசிக்கிட்டிருந்தேன். ...ஆமா, எடுத்துட்டு வந்திருக்கேன், பையில இருக்கு. ...இப்பவேவா? இப்பவே சுடலாம், எனக்கென்ன. காது மூடி எங்க... இருங்க. ஒண்ணு சொல்லவா? இது புதுசு. நீங்களே முதல்ல சுட்டுத் தொடக்கி வையுங்களேன். ...தெரியும், தெரியும், அடுத்தவங்க துப்பாக்கியைக் கேக்காமத் தொட மாட்டீங்க. உங்க அப்பா வளர்ப்பு. பழசையும் ஒரு நாள்கூடத் தொட்டதில்ல. இப்ப நானே கேட்டுக் குடுக்கறேனே! முப்பதாவது வருஷம், உங்க கையால ஆரம்பிக்கட்டும். ...அப்படி வாங்க வழிக்கு. போங்க. நான் இந்தக் கண்ணாடி வழியா பாக்கறேன்.

பொண்ணே, கிட்ட வா. இதை நான் யோசிச்சு வெக்கல, சத்தியமா. வாயில வந்துடுச்சு. பாரு, பாரு, நிக்கறாரு. ஆளு ஆறடி. கையில அது இருக்கிறதே தெரியல. தூக்கறாரு...

அம்மாடி! தொப்பி கோணிக்கிச்சு பாத்தியா! துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. ஆமா ராஜா, அதேதான், நீங்க வாங்கினதேதான். மறுபடியும் தூக்கறாரு. பல்லைக் கடிக்கறாரு. சுடு... ஆ! கையை உதறறாரு! ஐயோ, இங்க பாக்கறாரு, மூஞ்சியைத் திருப்பு, திருப்பு! அந்தப் போஸ்டரைப் பாரு. ஏதாவது படிக்கிற மாதிரி இரு.

...அந்தப் பக்கம் திரும்பிட்டாரா? இன்னொண்ணு சுட்டாரு. போதும்னு வெச்சுட்டாரு. மீதிக் குண்டை வெளிய எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கறாரு, திருட்டு மனுஷன். வராரு. கையைக் கோட்டுப் பைக்குள்ள விட்டுட்டாரு. நீ ஒண்ணும் காட்டிக்காத.

என்ன வெண்டல், எப்படி இருந்தது?

...

என்னது? இன்னொரு தடவை சொல்லுங்க.

"சுகமா இருக்கு"ன்னா சொன்னீங்க?

பொண்ணே, கேட்டியா, இவரு... எங்க போயிட்ட? கையுறையை விட்டுட்டுப் போயிட்டியே... ஓ. கவுண்டர்லயா இருக்க.

பாருங்க வெண்டல், அந்தப் பொண்ணைப் பாருங்க. கர்ட் எடுத்து வெச்ச சின்னப் பெட்டியை அப்படியே திருப்பித் தள்ளறா. புருஷன்கிட்ட ஏதோ சொல்றா. நாலு வார்த்தை இருக்குமா? அவன்... தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறியறான். சரிங்கறான். அவ்வளவுதான்! அந்தக் கனமான இரும்பு ரிவால்வரைக் காட்டச் சொல்றான். அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? ஐஞ்சு வருஷமா நான் பட்டாணிப் பையைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன்...

இல்ல, ஒண்ணுமில்ல. அந்தக் கையை வெளிய எடுங்க. அதை இல்ல, வலது கையை. காப்பியைக் கீழ வையுங்க, அதைக் குடிக்கவே கூடாது. கையை நீட்டுங்க வெண்டல். நான் சிஸ்டர் கோர்டுலா இல்ல, அடிக்க மாட்டேன்.

...சுகமா இருக்கிற கையா இது? இப்பவே செவந்து போச்சு. சரி, இப்ப என் கையைப் பாருங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரே இடம், இல்ல?

...ஆமா. முதல் நாள்லேருந்து. ...உங்க முகத்தைப் பாத்துட்டு, வேற எதுக்கு? ...அந்தத் தாளெல்லாம்? அது கர்ட்டோட பழைய இரும்பு. ...கர்ட்டை ஏன் முறைக்கறீங்க, அவன் பாவம், என் ஆப்பிள் பை சாப்பிட்டதைத் தவிர ஒண்ணும் பண்ணல. ...வித்துடலாம், ஆனா பழசோட பிடியை மட்டும் கழட்டி வெச்சுக்குவேன். அந்தக் கோணல் எழுத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. வலிக்கும்போது சிரிச்சா இன்னும் விண்ணுங்கும், பாருங்க.

வாங்க, வீட்டுக்குப் போகலாம். பட்டாணிப் பை ஒண்ணுதான் இருக்கு, முதல்ல நீங்க வெச்சுக்கங்க. வெச்சுக்கிட்டு, சும்மா இருக்கிற கையால போனை எடுங்க. மருமகளுங்க ரெண்டு பேருக்கும் விஷயத்தைச் சொல்லணுமே. நானா? ஐஞ்சு வருஷம் நான் பேசினது போதும்.