நதி வருகிற சேதி

ஸ்டேஷன் வாசலில் கட்டியிருக்கிற என் கழுதைகளுக்குக் காலையில் தண்ணீர் காட்டினீர்களாம், ஐயா. நன்றி. நான்கில் அந்தச் சாம்பல் நிறத்தது கொஞ்சம் முரடு, வாளியைத் தட்டிவிட்டிருக்கும். திட்டாமல் விட்டால் இரண்டு நாளில் பழகிவிடும்.

என் பெயர் சகரியாஸ் ஹோயேப். வயது ஐம்பத்து மூன்று. உகாப் நதிக்கரையில் பிறந்தவன். நதி என்று பெயர்தான், வருடம் முழுக்க வெறும் மணல். பயணிகளை ஐந்து நாள் பாலைவனத்தில் நடத்திக் கூட்டிப்போவது என் தொழில். கூடாரமும் சாமானும் கழுதைகள் மேல் வரும். பதினேழு வருடம் நான்தான் தலைவன். கடைசி மூன்று வருடமாகத் தலைவன் தீட்டஸ், என் மனைவி எல்ஃப்ரீடாவின் தம்பி. நான் கழுதைக்காரன்.

பதவி போன கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரே கோடையில் மூன்று முறை நடையைப் பாதியில் நிறுத்திப் பயணிகளைத் திருப்பி அனுப்பினேன். கிழக்கே மலைப்பக்கம் மின்னல் வெட்டியது. அங்கே பெய்தால் இங்கே ஒரு துளி விழாது. நாம் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். ஆனால் மூன்று முறையும் வரவில்லை. புலி வருது கதையாகிவிட்டது. முதலாளி பேசாமல் தலைமையைத் தீட்டஸிடம் கொடுத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது தீட்டஸ் எனக்கு, பைபிளில் வெள்ளம் வருமென்று கப்பல் கட்டினவர் பெயரை, 'நோவா' என்று வைத்தான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை எல்ஃப்ரீடாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது பெரிதில்லை, அவள் சிரித்தது எனக்கு வலித்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் பயணிகள் முன்னாலேயே தீட்டஸ் சொன்னான்: "மச்சான், இனிமே மழை கிழைன்னு வாயத் தெறக்காதே. மொதலாளி உத்தரவு. வானத்த நான் பாத்துக்கறேன், நீ கழுதையப் பாரு." சரி என்றேன். உத்தரவை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் நதிக்கரைக்காரர்தான். மலையில் பெய்து நதி இறங்கிவிட்டால், அதாவது வெள்ளம் புறப்பட்டுவிட்டால், மேலே இருப்பவன் தனக்கு அடுத்துக் கீழே இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் அடுத்தவனுக்கு. சொல்லி முடிக்கும்வரை சேதி வைத்திருப்பவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் குதிரையில் ஓடினார்கள், இப்போது ரேடியோ. பகையாளியாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆடு திருடினவனுக்குக்கூட நதி வருகிற சேதியை மறைத்ததாக எங்கள் பக்கம் கேள்விப்பட்டதில்லை.

இந்த முறை வந்தவர்கள் ஜெர்மன் தம்பதி, ருடிகரும் அவர் மனைவி இம்கேயும். அறுபத்தைந்து வயதுக்கு மேல். நல்ல மாதிரி. ருடிகருக்கு முழங்கால் தகராறு. மூன்றாம் நாள் காலையில் மேட்டுச் சமவெளியில் மணற்புயல் அடித்தது. கூடாரம் ஒன்று கிழிந்து பறந்துபோனது, ருடிகர் தடுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. தீட்டஸ் நடையை நிறுத்திவிட்டான். மறுநாள் காலை வண்டி வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை காற்றுக்கு ஒதுங்க வேண்டுமே. நதிப் படுகையில் பெரிய மரங்கள் இருக்கின்றன, நல்ல நிழல், காற்று மேலோடு போய்விடும். "கீழ எறங்கிடுவோம்" என்றான் தீட்டஸ்.

கிழக்கே வானம் கன்றிப்போயிருந்தது. பார்த்தேன். கழுதையைப் பார்க்கச் சொல்லியிருந்ததால் பிறகு கழுதையைப் பார்த்தேன்.

மிச்சமிருந்த இரண்டு கூடாரங்களையும் நான்தான் அடித்தேன். படுகை மணல் இளகலாக இருந்தது, அதனால் முளைகளை ஒரு சாண் கூடுதலாக இறக்கினேன். ருடிகருக்குக் காலை நீட்டி வைக்கக் கல் அடுக்கிக் கொடுத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

இரண்டு மணி இருக்கும், கூடாரங்களுக்குத் தள்ளிக் கழுதைகளோடு இருந்தேன். ரேடியோ கழுதைச் சுமையில் வருகிற பொருள், என் பொறுப்பு. நதிக்கு மேல்பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருக்கிற லுட்வினா அதில் கூப்பிட்டாள். "சகரியாஸ், நதி எறங்கிருச்சு. மரத்தையெல்லாம் பொரட்டிக்கிட்டு வருது. என் பட்டியத் தாண்டிருச்சு. ரெண்டு மணி நேரத்துல உங்ககிட்ட."

கேட்டதும் நான் முதலில் செய்தது, எங்களுக்குக் கீழே தோட்டம் போட்டிருப்பவர்களைக் கூப்பிட்டுச் சொன்னது. அவர்கள் ஒன்பது பேர், இரண்டு கைக்குழந்தை. பம்ப்பைக்கூடக் கழற்றி மேலேற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என்னை ஈரமில்லாதவன் என்று சொல்கிறார்களாம்.

பிறகு கழுதைகளை அவிழ்த்துக் கரைமேல் ஓட்டினேன். என் கம்பளி, மாவு மூட்டை, கெட்டில் எல்லாவற்றையும் ஏற்றினேன். தீட்டஸ் கூடார நிழலில் படுத்தபடியே பார்த்தான்.

"எங்க நோவா மச்சான், கப்பல்ல ஏத்துறியா? ஜோடி ஜோடியா ஏத்தணும், தெரியுமில்ல?"

ருடிகர் அர்த்தம் கேட்டார். தீட்டஸ் அவருக்கு விளக்கிச் சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

"மேல புல் இருக்கு, மச்சான்" என்றேன்.

அதுவும் பொய் இல்லை. புல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் இம்கே ரொட்டி ஓரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு கழுதைகளுக்குக் கொடுக்க மேலே ஏறி வந்தார். கிழக்கே காட்டி, "மழை வருமா, சகரியாஸ்?" என்று கேட்டார். "அதைத் தீட்டஸ்கிட்டதான் கேக்கணும், அம்மா. அவர்தான் தலைவர்" என்றேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை தூக்கலாக. குடித்துவிட்டுக் கழுதையின் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கீழே போகச் சொல்லவுமில்லை, போக வேண்டாம் என்று தடுக்கவுமில்லை. அவர் இருந்தது அவர் இஷ்டம்.

சரி, நீங்கள் கேட்பதற்கு வருகிறேன். லுட்வினா உங்களிடம் சொல்லியிருப்பாள். மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டாள்.

"நான் இன்னும் தண்ணி குடிக்கல, சகரியாஸ். உன் ஆளுங்க கரையேறிட்டாங்களா? இல்லன்னா சொல்லு, குதிரையப் பூட்டிக் குறுக்கு வழியா வந்து கத்திட்டுப் போறேன்."

"எல்லாரும் மேல வந்தாச்சு. எதிரதான் உக்காந்திருக்காங்க, டீ குடிக்கிறாங்க. நீ தண்ணி குடி" என்றேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட ரேடியோவில் கேட்டது.

ஆமாம், அது பொய். நான் சொன்ன ஒரே பொய். பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவள் வந்து கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லோரும் மேலே ஏறியிருப்பார்கள், நதி வந்திருக்கும், லுட்வினா காப்பாற்றினாள் என்று ஊர் சொல்லியிருக்கும். நானே கத்தியிருந்தால்? தீட்டஸ் சிரித்திருப்பான். பிறகு ஏறியிருப்பான், தண்ணீரைப் பார்த்திருப்பான், அடுத்த ஞாயிறு வாசலில் 'ஒரு தடவை குருட்டாம்போக்கில் பலித்துவிட்டது' என்று சொல்லியிருப்பான். அவனை எனக்குத் தெரியும். பட்டால்தான் தெரியும் என்பார்களே, அந்த ஜாதி. அவன் படுகையில் இருந்தபடியே பார்க்க வேண்டும். அதைத்தான் நினைத்தேன். சாக வேண்டும் என்று ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. முழங்கால்வரை தண்ணீர் வந்ததும் ஓடி வருவான், இளந்தாரி, கால் நல்ல கால்.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் சத்தம் கேட்டது, சரளைச் சாலையில் லாரி வருவதுபோல. இம்கே எழுந்து நின்றார். வளைவில் நுரையும் மரமுமாக வந்தது, ஆள் உயரம். மேலே வெயில் பளீரென்று அடித்தது.

தீட்டஸ் தப்பித்திருக்கலாம், ஐயா. இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். அவன் கரையைத் தொட்டுவிட்டான், வேரைப் பிடித்துவிட்டான். ருடிகர் கூடாரத்துக்குள்ளிருந்து கூப்பிட்டார். அவன் வேரை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினான். அது அவன் எடுத்த முடிவு. முளைகளை நான் ஆழமாக அடித்திருந்தேன், கூடாரம் லேசில் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவரை வெளியே இழுத்துத் தோளில் போட்டான். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது, அப்புறம் மார்புக்கு.

இம்கே என் கையைப் பிடித்து உலுக்கினார். சுமை கட்டுகிற கயிறு என் காலடியில் சுருண்டு கிடந்தது, பதினைந்து மீட்டர். இல்லை, வீசவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவனும் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தான். வாய் அசைந்தது. "மச்சான்" என்றான். நோவா என்று சொல்லவில்லை.

இரண்டு பேர் உடலையும் மறுநாள் தோட்டத்துக்காரர்கள் கண்டெடுத்தார்கள். எல்ஃப்ரீடா என்னைப் பார்க்க வரவில்லை என்கிறீர்கள். வருவாள். வந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: அவள் தம்பி கடைசியில் நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டான், நானும் அந்த இடத்திலேயே அவனை மன்னித்துவிட்டேன்.