சிரில் குடிக்க மறுத்த தண்ணீர்

உச்சி வெயில், மணி பன்னிரண்டு. புனாவை அடுத்த முள்ஷி ஏரியைத் தாண்டி மலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதை. முன்னால் ஆளில்லை... பின்னாலும் ஆளில்லை.

ராத்திரியில் உட்கார்ந்துகொண்டு மத்தியானக் கதையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ராத்திரிப் பேய்கள் சுத்தச் சோம்பேறிகள். உச்சிப் பொழுதுப் பேய்தான் டியூட்டிக்குச் சரியாக வரும். நீலா, காலை உள்ளே இழுத்துக்கொள்.

நம் டோரீனின் அத்தை மகன் தங்கராஜுக்கு நடந்தது இது. எழுபத்தொன்பதாம் வருடம், மே மாதம். அவனும் அவன் சிநேகிதன் சிரிலும் போபோடியில் அடுத்தடுத்த வீடு. கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் அடுத்தடுத்த அறை. லீவு கிடைத்தால் இருவரும் மலையேறக் கிளம்பிவிடுவார்கள். அந்தத் தடவை பிடித்த பைத்தியம் என்ன தெரியுமா? மழைக்காலத்தில் அருவி இறங்குகிற ஒரு பாறைப் பிளவில், அது காய்ந்து கிடக்கும்போது அடிவரை இறங்கிப் பார்ப்பது.

காய்ந்து என்றால் சாதாரணமாகவா? இரண்டு பக்கமும் பத்துப் பனைமர உயரத்துக்குக் கருப்புப் பாறை. நடுவில் காற்றே கிடையாது. ஓணான் ஒன்று ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி ஆற வைத்துக்கொண்டிருந்தது. சுட்ட கல் வாசனை... அதற்கு அடியில் ஈரத்துணி மக்கின மாதிரி இன்னொரு வாசனை. அந்தப் பாலைவனத்தில் ஈரம் எங்கிருந்து வந்தது?

அங்கேதான் சிரில் சறுக்கினான். மளுக்! கணுக்கால் வேறு திசையைப் பார்த்தது. தோளிலிருந்த தண்ணீர்க் கேன் உருண்டு... டங்... டங்... அடியில் போய்ப் பிளந்தது. இருந்த தண்ணீரைப் பாறை ஒரே உறிஞ்சலில் குடித்து முடித்தது.

தொட்டாலே சிரில் அலறினான். அவனைப் பாறை நிழலுக்கு இழுத்துப் போடுவதற்குள் தங்கராஜுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நான் செத்துருவேன்டா."

"நீ செத்தா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? பேசாம கெட. தண்ணியோட வரேன்."

இங்கேதான் தப்பு நடந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். இவர்கள் குண்டுக்கு வெடிமருந்து நிரப்புகிற ஆட்கள். அந்த அறைகளில் கத்தக் கூடாது. ஒருத்தன் திடுக்கிட்டால் கூரை புனாவைத் தாண்டிப் போய் விழும். அதனால் நடுச்சுவரில் மரச்சுத்தியால் இரண்டு தட்டு. மறுபக்கமும் இரண்டு தட்டினால் ஆள் சரி, உன் வேலையைப் பார். பதில் வராவிட்டால்தான் ஓட வேண்டும். வருடக்கணக்கில் ஊறிய பழக்கம். சிரில் கையில் ஒரு கல்லைத் திணித்துவிட்டுத் தங்கராஜ் நடந்தான்.

கொஞ்ச தூரம் போய்ப் பாறையில் தட்டினான். டொக்... டொக்.

பின்னாலிருந்து, டொக்... டொக்.

ஆள் சரி. அடுத்த வளைவு. தட்டினான். பதில் வந்தது. நாக்கு செருப்புத் தோல் மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பிவிடலாமா? தட்டினான். பதில் வந்தது. ஆள் சரி... இன்னும் உள்ளே போனான். தூரம் கூடக் கூடச் சத்தம் தேய வேண்டாமா? தேயவில்லை. கிட்டத்தில் கேட்டது. தட்டுகிற கை யாருடையது என்று கல்லா சொல்லும்?

கடைசியில் ஒரு பாறைக் குழியில் தண்ணீர். கறுப்பாக, அசைவே இல்லாமல். அப்படியே முகத்தோடு அதில் விழுந்தான். எவ்வளவு நேரம் கவிழ்ந்து கிடந்தானோ... எழுந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. பொழுது சாய்ந்து, வெயில் பாறை உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. டிபன் டப்பாவில் தளும்ப மொண்டுகொண்டு ஓடினான்.

சிரில் உயிரோடுதான் இருந்தான். உதடு வெடித்து, கண் குழிந்து... தங்கராஜைப் பார்த்ததும் கல்லை ஓங்கினான்.

"கிட்ட வராதே!"

"அரே, நான்தான்டா. தண்ணி கொண்டாந்திருக்கேன்."

"தங்கராஜ் அப்பவே வந்துட்டான். வெறுங்கையோட. எங்கயும் தண்ணி இல்லைன்னு அழுதான். என்னைத் தூக்கக் கழி வெட்டப் போயிருக்கான்." சிரிலின் பல் கிட்டித்தது. "என்னை மாதிரியே ஒண்ணு தண்ணியோட வரும், வாங்கிக் குடிக்காதேன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

தங்கராஜ் ஓர் அடி கிட்டே போனான். "டேய், மில்ட்ரெட் டீச்சர் வீட்டு வாசல்ல நீயே சைக்கிள் செயினைக் கழட்டிட்டு நின்னியே, அது என்னைத் தவிர யாருக்குடா தெரியும்?"

"அதையும் சொன்னான்."

"கிறிஸ்மஸ் கேரல் பாடறப்ப நீ வாயை மட்டும் அசைப்பியே?"

"அதைச் சொல்லி என்னைச் சிரிக்கக்கூட வச்சான்."

காலில் விழுந்தான் தங்கராஜ். கெஞ்சினான். டப்பாவை உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனான். தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிற மனிதன், கண்ணெதிரே தண்ணீர், வாயை இறுக மூடிக்கொண்டான்! பிறகு இருந்த பலத்தையெல்லாம் கூட்டி டப்பாவைத் தட்டிவிட்டான். சொத்தென்று கொட்டியது. பாறை அதை உறிஞ்சவில்லை... அப்படியே மேலே நின்றது.

இனிப் பேசிப் பயனில்லை. சிரிலை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு தங்கராஜ் ஏறினான். அலறலைக் காதில் வாங்கவில்லை. முதுகில் குத்து விழுந்துகொண்டே இருந்தது.

"தங்கராஜ்! என்னைத் தூக்கிட்டுப் போவுதுடா! காப்பாத்துடா!"

கீழே, பள்ளத்தின் ஆழத்திலிருந்து, காய்ந்த தொண்டையில் பதில் வந்தது.

"வரேன்டா... பயப்படாதே... வரேன்..."

தங்கராஜின் குரல். அந்த இழுவைகூட அவனுடையதுதான். சிரிலைச் சுமந்துகொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை. சரளை சரிய யாரோ ஏறி வருகிற சத்தம்... விழுகிற சத்தம்... மறுபடி ஏறுகிற சத்தம். ரோட்டுக்கு வந்து ஒரு பால் லாரியை மறிக்கிறவரை அது நிற்கவில்லை.

சிரில் பிழைத்துக்கொண்டான். காலும் கூடியது. ஆனால் அதற்குப் பிறகு தங்கராஜோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு ஷிஃப்டுக்கு மாறிப் போனான். வருடா வருடம் மே மாதம் நொண்டிக்கொண்டே அந்தப் பள்ளத்துக்குத் தண்ணீர்க் கேன் சுமந்து போகிறான். கேட்டால், "அவன் அங்க காஞ்சு கெடக்கான்," என்கிறான். கேன் காலியாகத்தான் திரும்பி வருகிறது.

போபோடியே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. தங்கராஜின் மனைவி சாந்தகுமாரி மட்டும் சிரிப்பதில்லை. அந்த மே மாதத்துக்குப் பிறகு, தன் புருஷன் ஒரு வாய் தண்ணீர் குடித்து அவள் பார்த்ததில்லை.