மடிக்கத் தெரியாதவர்

அய்யய்யோ, அந்தத் தட்டை அசைக்காதீங்க தம்பி! போட்டோ எடுங்க, வேணாங்கல. தொடாம எடுங்க. குழிக்குக் குழி படிகம் வளர்ற சொட்டு இருக்கு பாருங்க, லேசா ஆடினாலும் கெட்டுடும். எங்க சாரை விட ரோஷம் அதுக்கு.

அவரா? வருவாரு, உட்காருங்க. படம் பேப்பர்ல வருதுன்னதும் முடி வெட்டிக்கப் போயிருக்காரு. இருக்கிற நாலு முடிக்கு ஒரு மணி நேரமா!

என்ன கண்டுபிடிச்சாருன்னா... ரத்தத்துல புகுந்து காய்ச்சல் குடுக்குற ஒட்டுண்ணி ஒண்ணு. அதுக்குள்ள புரதமெல்லாம் முதல்ல நூல் மாதிரி நீளமா உண்டாகும். சரியா மடிஞ்சாத்தான் வேலைக்கு ஆகும். மடிச்சுக் குடுக்கவே ஒரு நொதி இருக்கு. அதைப் படிகமா வளர்த்து எக்ஸ்ரே காட்டினா உருவம் தெரியும். உருவம் தெரிஞ்சா மருந்தால அதோட கையைக் கட்டிப் போடலாம். இருபது வருஷமா மடிக்கிறதைப் பத்தித்தான் ஆராய்ச்சி. ஆனா தன் கோட்டை ஒருநாளும் மடிச்சதில்ல மனுஷன். அதோ, நாற்காலில சுருண்டு கெடக்கு பாருங்க.

வளர்த்தது யாரா? நான்தான். நாலு வருஷம் நுண்ணோக்கில பார்த்துப் பார்த்து, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு நோட்டுல எழுதினேன். ஒட்டுண்ணியை வளர்க்குறது கஷ்டம். அதோட மரபணுவை பாக்டீரியாக்குள்ள வெச்சு, அதுங்களை நொதி செய்ய வைப்போம். பாக்டீரியாவுக்கும் சொந்தமா மடிக்கிற நொதி உண்டு தம்பி. ரெண்டும் கலந்துதான் வரும். மூணு தடவை வடிச்சுப் பிரிக்கணும். சாருக்கு மாநாட்டுக்கு நேரமாச்சு, ஒரு தடவை போதும்னுட்டாரு. ரெண்டே நாள்ல ஜம்முனு படிகம்! கேக் வெட்டியாச்சு. கட்டுரையும் எழுதியாச்சு, உருவப் படம் ஒட்டுற இடம் மட்டும் காலி.

சார், நொதியோட எடை ஒத்து வரலையே, இன்னொரு தடவை வடிச்சுப் பார்ப்போமேன்னேன். தட்டு கழுவுறவங்க தட்டைப் பார்த்தாப் போதும்னாரு, அத்தனை பேர் முன்னாடி.

என் பேரா? கட்டுரைல மூணாவதா இருந்துச்சு. அன்னைக்கே அடிச்சுட்டாரு. இங்க வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருஷத்துல முதல் தடவையா அம்மா பேரு அச்சுல வரப்போகுதுன்னு மககிட்ட வேற சொல்லி வெச்சிருந்தேன். ரெண்டு நாள் சோறு இறங்கல.

இப்பவா? சே சே, இப்ப என்ன வருத்தம்? படிகத்தை எக்ஸ்ரே கூடத்துக்கு அனுப்பினவ நான்தானே, பதிலும் எனக்குத்தான் காலைல வந்துச்சு. அச்செடுத்து, அழகா நாலா மடிச்சு, அவர் கோட்டுப் பையில வெச்சிருக்கேன்.

அதுல என்னவா... அந்தப் படிகம் ஒட்டுண்ணியோட நொதி இல்லையாம். பாக்டீரியாவோடதாம். அதோட உருவம் பழைய பாடப் புத்தகத்துலயே இருக்கு.

அந்தா, வந்துட்டாரு. கோட்டு மாட்டிக்குவாரு, பையில கைய விட்டுக்கிட்டு நிக்கிறதுதான் அவருக்குப் பழக்கம். நல்லா கிட்ட போய் எடுங்க தம்பி.