திரும்பிப் பார்க்கும் பையன்

நான் சொல்லப்போவதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நான் பிறகு மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்தது என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த வருடம் மார்ச்சிலேயே பனி உருகிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் மனைவி இல்லை என்கிறாள். ஏப்ரல் கடைசிவரை பனி வாரும் மண்வெட்டி வாசலிலேயே சாய்ந்திருந்ததாம். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதனால் தேதிகளை என்னிடம் கேட்காதீர்கள். வார்த்தைகளைக் கேளுங்கள். அவை எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

என் பெயர் மெர்ல் ஹாகன். இருபத்தாறு வருடமாக ஒரே கிளப்புக்காக, கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துச் சின்ன ஊர் ஐஸ் ஹாக்கி அரங்குகளில் உட்கார்ந்து, பதினேழு வயதுப் பையன்கள் பனித்தரையில் ஆடுவதைப் பார்த்து மதிப்பிட்டு எழுதுகிறேன். ஜூனில் டிராஃப்ட் வரும். பெரிய கிளப்புகள் முறைவைத்து, சுற்றுச் சுற்றாக, பையன்களை எடுத்துக்கொள்ளும். எத்தனையாவது சுற்றில் தன் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் தன் வாழ்க்கை இருக்கிறது என்று பையன் நம்புவான். அவன் வீட்டார் நம்புவார்கள். நானும் நம்பினேன்.

டானர் ஒசாச்சுக் தடுப்பாட்டக்காரன். அப்படி ஒருவனை மதிப்பிட அரங்கின் மூலை போதும். எதிரணி அடித்த ரப்பர் வட்டு மூலைக்கு ஓடும். அவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போக வேண்டும். பின்னால் எவனோ முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பான். நல்ல பையன் போகிற போக்கில் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். டானர் இரண்டு முறை பார்ப்பான், வலத்தோளுக்கு மேல் ஒன்று, இடத்தோளுக்கு மேல் ஒன்று. வருகிறவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று அதிலேயே தெரிந்துகொண்டு, மறுபக்கமாக வட்டோடு வெளியே வந்துவிடுவான். வந்தவன் வெறும் பலகைச் சுவரில் மோதிக்கொண்டு நிற்பான். நவம்பரில் முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என் வேலையில் எனக்கு அதற்கு முன் இரண்டு தடவைதான் அப்படி ஆகியிருக்கிறது.

ஆனால் எங்கள் கிளப் அந்த வருடத்து முதல் மூன்று சுற்றுகளையும் வேறு கிளப்புகளுக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வயதான ஆட்டக்காரர்களை வாங்கியிருந்தது. எங்கள் முறை நாலாவது சுற்றில்தான். டானர் இரண்டாவதிலேயே போய்விடுவான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"கடை கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கலாம் மெர்ல்," என்றார் என் தலைவர் ரஸ். "உள்ள போற யோகம் நமக்கு இல்ல."

ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் டானரும் அவன் அணிக்காரன் ஒருவனும் தெரியாமல் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். இருவரும் எழுந்தார்கள். யாரோ கேலி செய்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அதற்குப் பிறகு டானர் மூலைக்குப் போகும் வேகம் குறைந்தது. மிகவும் கொஞ்சம், அரை நொடிதான். வட்டு சுவரில் பட்டுத் தானாகத் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தான். அரங்கில் அதைக் கவனித்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். கவனிப்பதுதான் என் வேலை.

டிராஃப்டுக்கு முன் பையன்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது வழக்கம். பிப்ரவரியில் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் அவனைச் சந்தித்தேன். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை ஒரு தட்டு சொன்னான், தொடவில்லை. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தான்.

"சாப்புடறப்பவாவது தொப்பியக் கழட்டேன்ப்பா."

"வேணாம் மிஸ்டர் ஹாகன். லைட்டு கண்ணக் குத்துது."

"எத்தன நாளா?"

"ஜனவரிலேந்து. சுவத்துல லேசா இடிச்சாலே காதுக்குள்ள மணி அடிக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் வட்டு ரெண்டாத் தெரியும்."

"ரெண்டுல எது நெசம்னு எப்படிக் கண்டுபிடிக்கற?"

அவன் சிரித்தான். "எடது பக்கம் இருக்கறத அடிப்பேன். இதுவரைக்கும் தப்பல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல. அம்மாகிட்டகூட."

"எங்கிட்ட ஏன் சொல்ற?"

"நீங்க கேட்டீங்களே."

நான் ஒன்றும் பேசவில்லை. வெளியே தானிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் பேசாமல் இருப்பதைப் பலர் இரக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் அது எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. அவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"ஜூன் வரைக்கும் இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்," என்றேன். "எங்ககிட்ட வந்துட்டா எங்க டாக்டருங்க பாத்துப்பாங்க."

அவன் எனக்கு நன்றி சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும்போது நிதானமாகவே யோசித்தேன். நான் சொல்லிவிட்டால் மருத்துவர்கள் அவனை உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு வருடம் ஓய்வெடுத்து, தேறி, அடுத்த ஜூனில் வேறு எந்தக் கிளப்புக்காவது போய்விடுவான். சொல்லாவிட்டால் இந்த ஜூனிலேயே இரண்டாவது சுற்றில் போய்விடுவான். இரண்டிலும் அவன் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் தொழிலில் பொய்யை நேராகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாக் கிளப்பின் ஆட்களும் மேல் வரிசையில் ஒன்றாகத்தான் உட்காருவோம், இடைவேளையில் ஒன்றாகக் காப்பி குடிப்போம். பிடித்த பையனைத் திட்டுவதும் பிடிக்காதவனைப் புகழ்வதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதனால் எதையாவது நம்பவைக்க வேண்டுமென்றால் மற்றவன் அதை ஒட்டுக்கேட்க வேண்டும்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு மதிய ஆட்டம். கிப் என்று ஒருவர் வந்திருந்தார். என்னைப் போலவே வேறு கிளப்புக்காகப் பையன்களைப் பார்ப்பவர், கேட்டதைக் கேட்டபடி ஊருக்கெல்லாம் சொல்லிவிடக்கூடிய மனிதர்.

"என்னய்யா மெர்ல், இன்னிக்கும் ஒசாச்சுக்கா? பொண்ணு இருந்தா கட்டிவச்சு வீட்டோட வச்சிருப்ப போல."

"காப்பி நல்லாருக்குன்னு வந்தேன்," என்றேன்.

அவர் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் நேரம் பார்த்து, நடைவழியின் திருப்பத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, போனைக் காதில் வைத்தேன்.

"ரஸ், ஒசாச்சுக்க நான் விட்டுட்டேன். மூலைக்குப் போகப் பயப்படறான். ஆமா, ஜனவரிலேந்து. பாவம், நல்ல பையன், ஆனா பயந்தாங்கொள்ளி. வேற ஆளப் பாப்போம்."

மறுமுனையில் யாரும் இல்லை. போனை நான் அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

பின்னால் கிப்பின் காலடி ஓசை ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக வந்தவழியே போனது.

அவன் தயங்குகிறான் என்பது உண்மை. ஏன் என்பதை மட்டும்தான் நான் மாற்றினேன். ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு எல்லோரும் அந்த அரை நொடியைப் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் பட்டியல்களில் அவன் ஐந்தாவது சுற்றுக்கு இறங்கினான். டிராஃப்ட் பற்றி எழுதும் ஒரு பத்திரிகை, மூலையைக் கண்டால் இந்தப் பையனின் கால் பின்வாங்குகிறது என்று எழுதியது. நாலாவது சுற்றில் அவன் எங்களுக்குக் கிடைப்பது உறுதியாகிவிட்டது. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

ரஸ்ஸும் பத்திரிகை படிப்பவர் என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை.

"என்னப்பா மெர்ல், நீ தலைல தூக்கிவச்சு ஆடற பையன் பயந்தாங்கொள்ளின்னு ஊரே சொல்லுது. ஊருக்கே தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியலையா?"

"அப்படி இல்ல ரஸ்."

"எப்படின்னு நானே வந்து பாக்கறேன். சனிக்கிழம வரேன். தயங்கினான்னா பேர அடிச்சிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

அந்தப் புரளி நான் கிளப்பியது என்று சொல்லியிருக்கலாம். பையனுக்குத் தலையில் அடி என்று சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்று போதுமாயிருந்தது.

வியாழக்கிழமை காலை டானரே கூப்பிட்டான். பள்ளிக்கூட வாசலில் இருந்து பேசினான், பின்னால் பையன்களின் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் ஹாகன், நான் பயப்படறேன்னு எழுதிருக்காங்க. பசங்க நான் உடுப்பு மாத்தற இடத்துல ஒரு டயப்பரத் தொங்கவிட்டிருக்கானுங்க."

"வெளையாட்டா செய்வானுங்க."

"தெரியும். ஆனா அம்மாவும் படிச்சிருக்கா. ஒண்ணும் கேக்கல, அதான் கஷ்டமா இருக்கு. உங்களுக்குத்தான் நெசம் தெரியும். யார்கிட்டயாவது சொல்ல முடியுமா? தல விஷயம் வேணாம். பயம் இல்லன்னு மட்டும்."

நான் பேசவில்லை. அவனும் காத்திருந்தான். மணி அடித்தது, சத்தம் அடங்கியது, அவன் உள்ளே போகவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது.

அந்த வருட விசாரணையில் நான் கொடுத்த அறிக்கையில், அந்தப் போனில் ஒரே நிமிடம் பேசி அவனை ஓய்வெடுக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் அது இருக்கும். அது உண்மை இல்லை. நான் சொன்னது இது:

"சனிக்கிழம எங்க தலைவர் வரார். ரெண்டு தடவ முழு வேகத்துல மூலைக்குப் போ. திரும்பிப் பாக்காத. திரும்பிப் பாத்தா தயங்கற மாதிரி தெரியும்."

"ரெண்டே தடவதானே?"

"ரெண்டே தடவ."

"சரி மிஸ்டர் ஹாகன். ரொம்ப தேங்க்ஸ்."

சனிக்கிழமை இரண்டாவது பகுதியில் அவன் முதல் தடவை போனான். திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் தோளைக் கொடுத்து வட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். ரஸ் என் முழங்காலைத் தட்டினார். "இவனயா பயந்தாங்கொள்ளின்னானுங்க." நாலு வரிசை கீழே டானரின் அம்மா டார்லீன் மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று கை தட்டினாள். அவன் நிற்கும்போது ஒருமுறை தலையை உலுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். நான் இறங்கிப் போய் அவன் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல ஐந்து நிமிடம் இருந்தது. அரங்கு சின்னது. படிகள் பதினெட்டோ இருபதோ இருக்கும்.

இரண்டாவது தடவை அவனைத் துரத்தியவன் ஓவன் ஃப்ரீசன். அவனுக்கும் அதே வயது. ஒசாச்சுக் திரும்பிப் பார்ப்பான், விலகிவிடுவான் என்று அந்த லீக்கில் எல்லோருக்கும் தெரியும். ஓவனும் அந்த நம்பிக்கையில்தான் வந்தான். டானர் திரும்பவில்லை. ஓவன் கடைசியில் நிறுத்தப் பார்த்தான், பனித்தூள் பீய்ச்சியடித்தது. முடியவில்லை. தலைக்கவசம் சுவரில் மோதிய சத்தம் பெரிதாக இல்லை. கதவு சாத்துகிற மாதிரி இருந்தது.

டார்லீன் கம்பளியைக் கீழே போட்டுவிட்டுப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் என் கை எழுதி முடித்திருந்தது: மூலையில் தயக்கம் இல்லை.

டானர் மூன்றாம் நாள் சஸ்கட்டூன் மருத்துவமனையில் இறந்தான். பழைய அடி ஆறாமல் இருந்ததா என்று மருத்துவர் அவன் அம்மாவிடம் கேட்டார். அவள் இல்லை என்றாள், அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை. ஓவன் ஃப்ரீசனுக்கு இருபது ஆட்டம் தடை விதித்தார்கள். தடை முடிந்தும் அவன் வரவில்லை. அவன் வீட்டுச் சுவரில் யாரோ கொலைகாரன் என்று எழுதினார்கள். இப்போது எங்கோ வடக்கில் குழாய் பதிக்கும் வேலை செய்கிறான், சறுக்குக் காலணி போடுவதே இல்லை என்று சொன்னார்கள். கிப் ஓய்வுபெற்றுவிட்டார். தன் பேச்சால்தான் அந்தப் பையன் அப்படிப் பாய்ந்தான் என்று குடித்தால் அழுவாராம். ரஸ் அதே பதவியில் இருக்கிறார். நாலாவது சுற்றில் ஃபின்லாந்துப் பையன் ஒருவனை எடுத்தோம், நன்றாக ஆடுகிறான். டார்லீன் ஏழு வருடம் மகனின் போனை அப்படியே வைத்திருந்து, சென்ற மாதம்தான் திறந்து பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமை என்னோடு பதினொரு நிமிடம் பேசியிருக்கிறான். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அந்தப் பதினொன்றில் பாதி நேரம் யாரும் பேசவில்லை.

புரளியைக் கிளப்பியது நான். அடி இருப்பது தெரிந்தும் அனுப்பியது நான். திரும்பிப் பார்க்காதே என்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். அந்த வருடம் இருந்த அத்தனை கிளப்புகளிலும், என்னைப் போல அவனை விரும்பியவர்கள் வேறு யாரும் இல்லை.