துடக்கு வீட்டுக் காளான்

காலையிலிருந்து தன் கையாலேயே கதிரை அடுக்கிவிட்டு, இப்போது தலைமைக் கதிரையில் களைத்துப்போய் அமர்ந்திருக்கும் எங்கள் தலைவர் தில்லைநாதன் அண்ணை அவர்களே! அவர் அருகிருக்கும் ஆன்றோரே, அகவையில் மூத்த சான்றோரே! பனியிலும் குளிரிலும் பணி முடித்துப் பசியோடு வந்து, இந்த யேசுதாசன் பேசி முடித்தால்தான் சாப்பாடு என்று தெரிந்தும் பொறுமை காக்கும் தாய்மாரே! சூரிச்சிலிருந்து ரயிலேறி வந்த சொந்தங்களே! தமிழிலே கேட்டுப் பிரெஞ்சிலே சிரிக்கும் ஃப்ரிபூர்க் நகரத்துப் பிள்ளைகளே! எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

இன்று என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்கிறது. காலையிலே வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என்ன சேதி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், சொல்கிறேன். முன்கதை தெரியாவிட்டால் அந்தச் சேதியின் அருமை தெரியாது.

சென்ற ஆடி மாதம் ஜெனீவாவுக்கு ஒரு பெண் வந்தார். பெயர் பூரணம். நம் தாய்நாட்டின் கிழக்கிலே, வாகரைக் கரையோரத்து வேடர் குலத்தவர். நாம் பேசும் தமிழையே பேசுபவர். உலகத்துப் பழங்குடிகள் கூடிய மன்றத்திலே, தங்கள் உணவைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை வேண்டும் என்று கேட்க வந்தவர். மழை பெய்தால் காளான், மண் காய்ந்தால் கிழங்கு, மரம் பூத்தால் தேன் என்று காடு ஊட்டி வளர்த்த கூட்டம் அது. இன்று அந்தக் காட்டுக்கு வேலி. வேலிக்கு இப்பால் நிவாரணக் கோதுமை மா.

காளான் வளர்த்துப் பிழையுங்கள் என்று யாரோ வந்து வித்துத் தூவிய வைக்கோல் பைகளைக் கொடுத்தார்களாம். பை விளைந்தது, கறி மணத்தது, பை முடிந்தது. அடுத்த பைக்கு எங்கே போவது? கொடுத்தவன் வீட்டு வாசலுக்குத்தான் போகவேண்டும். ஏனென்றால் பையைக் கொடுத்தவர்கள் வித்து உண்டாக்கும் வித்தையைக் கொடுக்கவில்லை!

உணவைக் கொடுப்பது வேறு, உணவின் உரிமையைக் கொடுப்பது வேறு. இது நமக்குத் தெரியாதா? இரண்டாயிரத்து ஒன்பதிலே முகாம் வரிசையிலே தட்டோடு நின்றவர்கள் இந்த மண்டபத்திலே இல்லையா? பசிக்குப் பருப்புத் தந்தார்கள். இன்றைக்கு என்ன கறி வைக்கலாம் என்று யோசிக்கும் உரிமையை யாராவது தந்தார்களா?

மன்றம் முடிந்து எங்கள் நகரத்துக்கு வந்த பூரணம் அக்கா எங்கள் மாதர் சங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வித்திலிருந்து கறி வரை பழக்கிவிடுங்கள் என்றார். விசா முடியுமுன் பழகவேண்டும். இம்முறையும் வெறுங்கையோடு வந்தால் இனிக் காளானை நம்ப மாட்டோம் என்று ஊர்ப் பெண்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பழக்குவதற்கு ஆள் இருந்தது. பத்மினி அக்கா வேலை செய்வதே காளான் பண்ணையில். இடமும் இருந்தது. ஜெயகௌரி அக்காவின் மாடிக் குடியிருப்புக்குக் கீழே, இந்த நாட்டு வழக்கப்படி போருக்கென்று கட்டிய பதுங்கு அறை, பங்கர். பங்கர் என்றதும் முன்வரிசையிலே சிலர் முகம் மாறுகிறது. ஓம், எனக்கும் மாறியது. அங்கே பங்கருக்குள் உயிரை ஒளித்தோம். இங்கே பங்கருக்குள் உணவை வளர்க்கப் போனோம்.

எல்லாம் கூடிவந்த நேரத்திலே, ஊரிலே பத்மினி அக்காவின் சிற்றப்பா காலமானார். குடும்பத்துக்குச் சாவுத் தீட்டு, துடக்கு வந்துவிட்டது. துடக்கோடு நல்ல காரியத்துக்கு வரலாமா? வரவில்லை. முன்பே தயாரித்திருந்த வித்திலே பாதியைக் கொடுத்தனுப்பி, தொலைபேசியிலேயே பாடம் சொன்னார். வைக்கோலை வெந்நீரில் ஊறவை, வடியவிடு, பையிலே அடுக்கி அடுக்கி வித்தைத் தூவு. மிச்ச வித்தை வீணாக்க மனமில்லாமல் தன் வீட்டு நிலவறையிலும் சில பைகளைக் கட்டித் தொங்கவிட்டார்.

பங்கரிலே பூசை அமர்க்களம். தவராஜா அண்ணை, தலையைக் குனியாதீர்கள், தேங்காய் உடைத்தது நீங்கள்தான். நான் வேதக்காரன், நானும் சிலுவை போட்டேன். ஜெயகௌரி அக்காவோ, நல்ல காரியம் என்று நினைத்து, வைக்கோல் ஊறும் வெந்நீரிலே கைநிறைய மஞ்சள் தூளை அள்ளிப் போட்டார். மங்கலத்துக்கு மங்கலம், கிருமியும் போகும். எந்தத் தமிழ்த் தாய்தான் போடமாட்டாள்? அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அதோ, அவரே சிரிக்கிறார்.

வாரங்கள் போயின. வெள்ளை நூலாய்ப் படரவேண்டிய பைகள் மஞ்சள் மூட்டைகளாய்த் தொங்கின. பூரணம் அக்கா தினமும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார். விசா கரைந்துகொண்டிருந்தது. அப்போது நம்மிலே ஒருவர், துடக்கு வீட்டிலிருந்து பாடம் சொன்னால் இப்படித்தான் என்று ஒரு சொல் சொல்லிவிட்டார். நாக்குக்கு எலும்பில்லைத்தானே. அது பத்மினி அக்காவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதைக் கேட்டதும் பூரணம் அக்கா எழுந்தார்.

"எனக்கு அவட கை வேணும். துடக்கை நான் பாத்துக்கிறன்."

பத்மினி அக்கா வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். நிலவறைக் கதவைத் திறந்தால், என் உறவுகளே, என்னென்று சொல்வேன்! வெள்ளை வெளேரென்று பைகள்! பை வெடித்துக் கொத்துக் கொத்தாய்ச் சிப்பிக் காளான்! பூசை இல்லை, தேங்காய் இல்லை, துடக்கு வீட்டிலே அது தன்பாட்டிலே பூத்திருந்தது.

பங்கரிலே என்ன செய்தோம் என்று பத்மினி அக்கா ஒவ்வொன்றாய்க் கேட்டார். மஞ்சள் என்றதும் நெற்றியிலே கைவைத்தார்.

"மஞ்சளோ போட்டவை? காளானும் ஒரு பூஞ்சணம்தானே அண்ணை. பூஞ்சணம் பிடிக்கக் கூடாதெண்டுதானே நாங்கள் மஞ்சள் போடுறனாங்கள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்போடு சிரிப்பாக அழுதார். துடக்கு வீட்டார் மஞ்சளைத் தொடவில்லை. அதனால் காளான் பிழைத்தது. அன்று முதல் பூரணம் அக்கா அந்த வீட்டிலேயே தங்கினார். வித்து உண்டாக்கவும் பழகினார், பை கட்டவும் பழகினார், தேங்காய்ப்பால் விட்டுக் காளான் கறி காய்ச்சி எங்களுக்கும் பழக்கினார். அந்தக் கறியிலே மஞ்சள் இருந்தது! மஞ்சள் சட்டிக்குள் போகலாம், பைக்குள் போகக் கூடாது. புறப்பட்ட நாளில் அவர் கையிலே ஒன்றும் கொண்டுபோகவில்லை. பழகிய கையைத்தான் கொண்டுபோனார்.

அவையோரே! நாம் கெட்டவர்களா? இல்லை. நாம் மனதார வாழ்த்தினோம். வாழ்த்தே நஞ்சாயிற்று. ஏன்? என்ன வேண்டும் என்று கேட்காமல், நமக்கு நல்லதென்று தெரிந்ததை அள்ளிப் போட்டோம். வேடர் குலத்து வள்ளியைத் தேரிலே ஏற்றுகிறோம், தேனும் தினைமாவும் படைக்கிறோம். வள்ளியின் உறவுகளைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டோமா? கொடுக்கும் கை உயர்ந்த கைதான். ஆனால் கேட்கும் காது அதனினும் உயர்ந்தது! காடு அவர்களுடையதென்றால் கறியும் அவர்களுடையது. கறி அவர்களுடையதென்றால் வித்தும் அவர்களுடையதாக வேண்டும்!

இனி அந்தத் தொலைபேசிச் சேதி. வாகரையிலே நெல் அறுத்தாயிற்று. தங்கள் வைக்கோலிலே, தாங்களே உண்டாக்கிய வித்தைத் தூவி, தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலிலே பை கட்டினார்கள். எங்களுக்கோ வாரக்கணக்காய், விளையுமா விளையாதா என்ற கவலை. இன்று காலை பூரணம் அக்கா அழைப்பு எடுத்தார். பின்னாலே பெண்களின் சிரிப்பும் சட்டிச் சத்தமும் கேட்டன. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தம்பி, இண்டைக்கு எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் காளான் கறி. ஒருத்தரும் வரிசையில நிக்கல."

இவ்வளவு நேரம் பசி பொறுத்த உங்களுக்கு நன்றி. மேடை தந்த தலைவருக்கு நன்றி. துடக்கு வீட்டுக் கதவைத் திறந்த பத்மினி அக்காவுக்கு ஆயிரம் நன்றி. அங்கே ஜெயகௌரி அக்கா காளான் கறியோடு காத்திருக்கிறார். எழுந்து வாருங்கள், சேர்ந்து சாப்பிடுவோம். வணக்கம்.