விளக்கு எரியாத ஜன்னல்

மணி இரண்டே கால். நம் மெரிடா ஊரில் எர்மித்தா கோயிலைத் தாண்டிப் போகும் தெரு இருக்கிறதே... அந்நேரத்துக்கு அங்கே நாய்கூட நடமாடாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. நம் ரெனானின் தாய்மாமா காசிமீரோவுக்கு நடந்தது. குடித்திருந்தாரா என்று எவனும் கேட்கக் கூடாது. தொண்டை கெட்டுவிடும் என்று பீர்கூடத் தொடாத பாட்டுக்காரர் அவர்.

இருபத்திரண்டு வயதில் லிகியா என்ற பெண்மேல் அவருக்கு உயிர். நம் வழக்கப்படி நடுராத்திரியில் அவள் ஜன்னலடியில் நின்று மூன்று பாட்டுப் பாடினார். மூன்றாவது, கைவிட்டுப் போன காதலைப் பற்றிய அந்தப் பழைய பாட்டு... பேரன் பேத்தி எடுத்தவன்கூட இன்றைக்கும் முணுமுணுக்கிறானே, அதேதான். உள்ளே விளக்கு எரிந்தால் சம்மதம். எரியாவிட்டால் கிதாரை உறையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

எரியவில்லை. விடிகாலை பஸ்ஸிலேயே கம்பேச்சேக்குப் போய்விட்டார் மனிதர். அதே வருஷம் லிகியா காய்ச்சலில் செத்துப்போன செய்தி கடிதத்தில்தான் வந்தது. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, பாவம்.

நாற்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தவரைச் சந்தையில் பிடித்துக்கொண்டாள் லிகியாவின் தங்கை எல்சி.

"ஏன் காசிமீரோ அவ்ளோ அவசரமா போனீங்க? அன்னிக்கு ராத்திரி எங்க தெரு முழுக்கக் கரண்டே இல்லையே! அக்கா இருட்டுல தடவித் தடவித் தீப்பெட்டியை எடுத்தா. மழையில நமுத்த பெட்டி... உரச உரச அணைஞ்சு போச்சு. மெழுகுவத்தி ஏத்துறதுக்குள்ள நீங்க முக்கு திரும்பிட்டீங்க. பாவி மனுஷா, இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கக் கூடாதா?"

அவர் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்று ராத்திரியே கிதாரை எடுத்தார். ரெனான் குறுக்கே நின்றான்.

"மாமா, அது பூட்டிக் கிடக்கிற வீடு. கரண்டு வெட்டி வருஷக்கணக்காச்சு. யாருக்குப் பாடப் போறீங்க, பல்லிக்கா?"

"ஒரே பாட்டுடா. இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன்."

மனசு கேட்காமல் ரெனானும் பின்னாலேயே போனான். இரண்டே கால்... தெருவில் ஈரச் சுண்ணாம்பு வாடை. மாமா அந்தப் பாட்டைப் பாடினார். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது, ஆனாலும் விடவில்லை. பாடி முடித்தார். ஜன்னல் இருட்டாகவே இருந்தது. ரெனான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இருடா. அவளுக்கு நேரமாகும்."

ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்...

சர்ர்க்.

உள்ளே யாரோ தீக்குச்சி உரசுகிற சத்தம். நின்றது. மறுபடியும், சர்ர்க்... கந்தக நெடி தெருவுக்கே வந்தது. மூன்றாவது முறை... ஜன்னல் இடுக்கில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். மெல்ல எழும்பி, அசையாமல் நின்றது.

ரெனான் எடுத்தான் பாருங்கள் ஓட்டம்! "மாமா சிரிச்சாரு" என்பதற்குமேல் அந்த நிமிஷத்தைப் பற்றி அவன் எதுவும் சொல்வதில்லை.

விடிந்ததும் எல்சியைச் சாவியோடு கூட்டிக்கொண்டு வந்தான். கிதார் வெளியே சுவரில் சாய்ந்திருந்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்கவே அரைமணி ஆயிற்று. உள்ளே தரையெல்லாம் தூசி, ஒரு காலடித் தடம் இல்லை. நாற்காலிமேல் மாமா ராத்திரி போட்டிருந்த தொப்பி இருந்தது. மாமா இல்லை. இன்றுவரை இல்லை.

ஜன்னலுக்கு அடியில் தீக்குச்சிகள்... கணுக்கால் உயரத்துக்கு. நாற்பது வருஷத்துக் குச்சிகள். அத்தனையும் தலை மட்டும் கருகி அணைந்தவை. எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த ஒன்று மட்டும் அடிவரை எரிந்திருந்தது. எல்சி அதைத் தொட்டுப் பார்த்தாள்... இன்னும் சுட்டது.